உலகக் குடியுரிமைப் பாடத்தை ஒரு டீத்தூள் பாக்கெட்டை வைத்து நடத்துவது எப்படி?

‘உலகக் குடிமக்கள் நாம்’ என்று பள்ளியில் ஒரு பீரியட் ஒதுக்கினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். சார்ட் பேப்பரில் பூமி உருண்டையைச் சுற்றிக் கைகோத்த குழந்தைகள், நிறையக் கொடிகள், கடைசியில் எங்கோ ஓர் ஏழை நாட்டுக்கு உண்டியல் வசூல். 2015-ல் ஐ.நா. வகுத்த வளர்ச்சி இலக்குகளில் 4.7-ஆக இதுவும் சேர்ந்துவிட்டதால் இந்த பீரியட் இனி போகாது. ஆனால் ‘பாவம், உதவுவோம்’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்து, அவர்கள் ஏன் அந்த நிலைக்கு வந்தார்கள், அதில் யாருக்கு லாபம் என்பதை விட்டுவிடுகிறோம் என்று வனெஸ்ஸா ஆண்ட்ரியோட்டி என்ற பிரேசில் கல்வியாளர் 2006-லேயே குறை சொன்னார். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

எட்டாம் வகுப்பில் நான் செய்துபார்த்த வழி இது. இரண்டு பீரியட், ஒரு சிலோன் டீத்தூள் பாக்கெட், அவ்வளவுதான் தேவை.

பாக்கெட்டைக் கையில் கொடுத்து, உங்களுக்கு முன்னால் இதை யார் யார் தொட்டிருப்பார்கள் என்று கேளுங்கள். கடைக்காரர், லாரிக்காரர் என்று பின்னாலேயே போய்க் கொழுந்து பறிக்கிற கைக்கு வந்து சேருவார்கள். அந்தக் கை யாருடையது என்பதற்குத்தான் கரும்பலகை. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இலங்கை மலையில் தேயிலை போட்டது, கோப்பிச் செடிகளை நோய் தின்றபின் மலை முழுக்கத் தேயிலை ஏறியது, திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணிகள் ஆள்பிடித்துப் போனது, வழிச்செலவே கடனாகத் தலையில் விழுந்தது. பத்து நிமிடம் போதும், வரலாற்று ஆசிரியர்கள் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் 1948. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் அங்கே வந்த குடியுரிமைச் சட்டப்படி அங்கே பிறந்தால் மட்டும் போதாது, அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பா வழித் தாத்தாவும் அவருடைய அப்பாவும். இதை வாசித்துக் காட்டாமல் செய்துபாருங்கள். அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா பிறந்ததற்கு வீட்டில் காகிதம் இருக்கிறதா என்று ஒரு துண்டுச் சீட்டில், பெயர் போடாமல், எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு ‘இருக்கிறது’ என்று எனக்கு இதுவரை ஒரு சீட்டும் வந்ததில்லை.

பெயர் போடாமல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் வருடம் கைதூக்கச் சொல்லிவிட்டேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் கையையும் தூக்கவில்லை, தலையையும் தூக்கவில்லை. இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிற பிள்ளை என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எந்த நாட்டுக் குடியுரிமையும் கையில் இல்லாத பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பீரியடில் முன்னால் இரண்டு நாற்காலி, அன்றைய இலங்கைப் பிரதமர் சிரிமாவோவுக்கும் இந்தியப் பிரதமர் சாஸ்திரிக்கும். மீதி வகுப்பு தோட்டத்து ஆட்கள், வாய் திறக்கக் கூடாது. அந்தச் சட்டத்தால் நாடற்றுப்போன தோட்டத்து மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற 1964 ஒப்பந்தத்தை நாற்காலிக்காரர்கள் வாசிக்கட்டும். அந்த மிச்சத்தையும் 1974-ல் பாதிப்பாதியாகப் பிரித்ததைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். “எங்களை யாருமே கேக்கலையே சார்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். வராவிட்டால் காத்திருங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் அனுப்பலாமா என்று யாராவது கேட்பார்கள். நல்ல மனசுதான், திட்ட வேண்டாம். அனுப்பினால் அவர்கள் அம்மாவின் நாள் சம்பளம் கூடுமா, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். பாவப்பட்ட ஜனங்கள் என்றும் முடித்துவிடாதீர்கள். சங்கம் வைத்தார்கள், போராடினார்கள், குடியுரிமை இல்லாமல் மிஞ்சியவர்களுக்கு அதைத் தர 2003-ல் இலங்கையில் சட்டம் வந்தது.

மார்க் போடாதீர்கள், போட்டால் நமக்குப் பிடித்த பதிலைத்தான் எழுதுவார்கள். வீட்டுப்பாடம் மட்டும் ஒன்று: தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968-ல் நீலகிரியில் அரசு தொடங்கிய தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ என்ற தமிழக அரசுத் தேயிலை நிறுவனம், இங்கே வந்து இறங்கியவர்களை நம் ஊர்க்காரர்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று விசாரித்து வர வேண்டும். ‘சிலோன்காரங்க’ என்ற பதிலோடு வருவார்கள். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்கலாம்.