பேரத்தை மென்பொருளிடம் விடுமுன்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பு மூட்டைக்குப் பேரம் பேசும்போது விலை மட்டுமா பேசுகிறார்கள்? கைக்காசா, திகதி போட்ட செக்கா, எத்தனை நாள் தவணை, லொறிக் கூலி யாருடையது என்று எல்லாம் ஒரே மூச்சில் வரும். அதே வியாபாரி ஒன்லைன் கொள்முதலுக்கு, தனக்காகப் பேரம் பேசும் மென்பொருள் முகவரை அமர்த்தினால், "கிலோ இவ்வளவுக்கு மேல் போகாதே" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறார். பெரிய தவறு இதுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1996இல் அறிமுகமான கஸ்பா என்ற பரிசோதனை ஒன்லைன் சந்தையில் இத்தகைய முகவர்கள் விலையை மட்டுமே பேசின. ஆரம்ப முயற்சிக்கு அது போதும். ஆனால் விலை மட்டும் என்றால் ஒருவருக்கு வருவது மற்றவரிடமிருந்து போவதுதான். தவணையும் சேர்ந்தால் இருவருக்கும் லாபமான இடம் கிடைக்கலாம். அதற்குத் தவணையின் பெறுமதியை முகவருக்கு எண்ணாகச் சொல்லவேண்டும். வங்கிக்கு ஆண்டுக்கு 12 வீத வட்டி கட்டுகிறீர்கள் என்று வையுங்கள்: கிலோ 300 ரூபாய் பருப்புக்கு 30 நாள் தவணை ஏறத்தாழ 3 ரூபாய் பெறும். இதைச் சொல்லாவிட்டால், 2 ரூபாய் குறைத்துத் தவணையைப் பறிகொடுத்துவிட்டு முகவர் வெற்றி என்று அறிக்கை தரும்.

விட்டுக்கொடுக்கும் வேகத்தையும் பலர் கவனிப்பதில்லை. கடைசி நிமிடம் வரை அசையாதே என்று இருபக்கமும் கட்டளையிட்டால் நேரம் முடிந்து பேரம் முறியும். எப்போதும் ஒரே மாதிரி இறங்கினாலோ, எதிர்ப்பக்க மென்பொருள் அந்தப் போக்கைப் படித்துவிடும்.

எல்லை வைக்காமல் விடுவது இன்னொன்று. 2011இல் அமேசானில் ஈயைப் பற்றிய ஓர் உயிரியல் நூலின் விலை 2.3 கோடி டொலரைத் தாண்டியது. ஒரு விற்பனையாளரின் விலை வைக்கும் நிரல் (மென்பொருள்) மற்றவர் விலையின் 0.9983 மடங்கையும், மற்றவரின் நிரல் இவர் விலையின் 1.27 மடங்கையும் வைத்துக்கொண்டே போனதன் விளைவு. பேரம்கூட இல்லை, வெறும் பெருக்கல்தான்.

செயற்கை நுண்ணறிவு அரட்டை முகவர் என்றால், உங்கள் உச்ச விலையை அதன் கட்டளையில் எழுதாதீர்கள். எதிராளி சாதுரியமாகக் கேட்டால் உளறிவிடக்கூடும். அந்த வரம்பு ஒப்புதல் தரும் தனி நிரலில் இருக்கட்டும்.

"மென்பொருள்தானே ஒத்துக்கொண்டது" என்று தப்பலாம் என நம்புவதும் வீண். தானியங்கி முறைமைகள் செய்த ஒப்பந்தத்தை, மனிதர் பார்க்கவில்லை என்ற காரணத்தால் மட்டும் செல்லாததாக்க முடியாது என்கிறது ஐ.நா. மின்னணுத் தொடர்பாடல் சமவாயம். இலங்கை அதை 2015இல் ஏற்று, 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தை 2017இல் அதற்கேற்பத் திருத்தியது. ஆகவே பெரிய தொகைகளுக்கு முதலாளியின் சம்மதம் கிடைக்கும்வரை முகவர் "சரி" என்று சொல்லாதபடி அமைத்துவிடுங்கள்.