சுடர் சோதனையில் எந்த உப்பை வைத்தாலும் மஞ்சளா?

காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ கடற்பக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சுடர் சோதனை (உப்பைச் சுடரில் காட்டி, வரும் நிறத்தால் அதிலுள்ள உலோகத்தை அறிவது) செய்தால், எந்த உப்பை வைத்தாலும் மஞ்சள் எட்டிப்பார்க்கும். காற்றோடு வரும் சோடியம் குளோரைடின் வேலை அது. ஒரு மில்லிகிராமில் முப்பது லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சோடியம் உப்பைக்கூட, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி காட்டிக்கொடுத்துவிடும் என்று ஜெர்மன் விஞ்ஞானிகள் பன்சனும் கிர்க்காஃபும் 1860-இல் கணக்கிட்டார்கள். கடற்காற்று ஏறுவதற்கு முன், காலையிலேயே, கிழக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்வது நல்லது.

அடுத்த சோடியம் நம் கையிலிருந்தே வருகிறது. உப்பை எடுத்துச் சுடரில் காட்டும் கம்பியின் நுனியை விரலால் தொட்டால் வியர்வை உப்பு ஒட்டிக்கொள்ளும். போர் தண்ணீரில் கழுவினாலும் இதே கதைதான். எண்ணூர்ப் பக்கத் தண்ணீர் எப்படிக் கரிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். கண்ணாடித் தண்டும் வேண்டாம், சாதாரணக் கண்ணாடிக்குள்ளேயே சோடியம் இருக்கிறது. நைக்ரோம் (நிக்கல்-குரோமியக் கலவை) கம்பியின் நுனியைச் சிறு வளையமாக வளைத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துச் சுடரில் காட்டுங்கள். நிறமே வராத வரை, நாலைந்து தடவையாவது, இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கம்பி கழுவிய அமிலத்திலேயே உப்பைக் குழைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் முந்தைய உப்பும் கூடவே வரும். வேறு வாட்ச் கண்ணாடியில் (குழிந்த சிறு கண்ணாடித் தட்டு) சிட்டிகை உப்பு, இரண்டு மூன்று சொட்டு புது அமிலம் போதும்.

அமிலம் எதற்கு? கார்பனேட்டும் சல்பேட்டும் எளிதில் ஆவியாகாது, குளோரைடு ஆகும். ஆவியானால்தான் நிறம். பேரியத்தின் வெளிர் பச்சை அப்போதும் தாமதமாகத்தான் வரும். மூன்று நொடியில் கம்பியை எடுத்துவிட்டு 'நிறமில்லை' என்று எழுதுவது அவசரம். பொட்டாசியத்தின் சிக்கல் வேறு: வெளிர் ஊதா மங்கலாகத் தெரியும், சோடியம் துளி இருந்தாலும் மறைந்துவிடும். அதற்குத்தான் சோடியத்தின் மஞ்சளைத் தடுக்கும் நீலக் கோபால்ட் கண்ணாடி. அதைக் கண்ணிலிருந்து விலக்காமலே கால்சியத்தையும் பார்த்தால் செங்கல் சிவப்பு பச்சையாகத் தெரிந்து குழப்பும்.

பர்னரின் காற்றுத்துளை மூடியிருந்தால் வரும் மஞ்சள், சூடான கரித்துகள்களின் ஒளி. துளையைத் திறந்து, ஒளிராத நீலச் சுடரில் செய்யுங்கள்.

விடைத்தாளில் வரும் பெரிய தவறு, 'உலோகம் எரிவதால் நிறம்' என்பது. வெப்பம் அணுவிலுள்ள எலக்ட்ரானை மேல் ஆற்றல்மட்டத்துக்கு ஏற்றுகிறது. அது இறங்கும்போது இரு மட்டங்களுக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் ஒளியாக வெளிவருகிறது. சோடியத்தில் அது சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 589 நானோமீட்டர், மஞ்சள். மெக்னீசியத்தில் சுமார் 4.3, அது 285 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. அதனால்தான் மெக்னீசியம் உப்பு சுடரில் ஊமையாக இருக்கிறது. மெக்னீசியம் நாடா எரியும்போது வரும் வெள்ளை ஒளி, சூடேறிய ஆக்சைடின் ஒளிர்வு. தாமிரம் பச்சை மட்டும்தான் என்று மனப்பாடம் செய்வதும் தவறு: சுடரில் தாமிர ஹைட்ராக்சைடு மூலக்கூறு பச்சை தரும், குளோரைடு மூலக்கூறு நீலம் தரும்.

கடைசியாக ஒன்று, உயிர் சம்பந்தப்பட்டது. கிண்ணத்தில் உப்பைப் போட்டு மெத்தனால் ஊற்றி வண்ணத் தீ காட்டும் வேடிக்கை வேண்டவே வேண்டாம். தீ அணைந்ததாக நினைத்துப் புட்டியிலிருந்து மறுபடி ஊற்றினால், மெத்தனால் ஆவியில் தீப்பிடித்துப் புட்டி வாயிலிருந்து பீறிடும். எதிரே நிற்கும் பிள்ளைகள் மேல்தான் பாயும்.