பிடித்த பாட்டைச் சொல்லும்போது இடத்தையும் சொல்லுங்கள்

"என்ன பாட்டு கேப்பீங்க?" என்று யாராவது கேட்டால் இசையமைப்பாளர் பெயரோடு நிறுத்தாமல், ஒரே ஒரு பாட்டையும் அதில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த இடத்தையும் சொல்லுங்கள்: இரண்டாம் சரணத்துக்கு முன் வரும் வயலின், பல்லவிக்குத் திரும்பும்போது மாறும் தபேலா நடை, இப்படி. வெறுமனே "இளையராஜா" என்றால் 1976 முதல் இன்றுவரை நாட்டுப்புறம், மேற்கத்திய இசை, ராகம் எல்லாமே அதில் அடங்கும். உங்கள் ரசனை எது என்று எதிரில் இருப்பவருக்குப் பிடிபடாது. இடம் தெரிந்தால் உடனே கேட்டுப் பார்ப்பார், பதிலுக்குத் தன் பாட்டையும் சொல்வார்.

லிங்க் அனுப்புவதானால், கணினியில் யூடியூப் 'ஷேர்' பெட்டியில் 'ஸ்டார்ட் அட்' டிக் செய்து, அந்த இடத்துக்கு 10 நொடி முன்பே தொடங்கும்படி வையுங்கள். சட்டென்று நடுவில் தொடங்கினால் தாளம் மனதில் உட்காராது.

கச்சேரி ஆலாபனைக்கு மட்டும் இது ஒத்துவராது. ராகம் மெல்ல விரிவதில்தான் அதன் சுவையே, முழுதாக அனுப்புங்கள்.