கிங் கேக்: ‘கேக்’ என்ற பெயரை நம்பிச் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்குக் குடிவந்த முதல் வருடம் நான் சுட்ட கிங் கேக், ‘அவன்’ (oven) அடுப்பிலிருந்து வெளியே வந்தபோது பக்கவாட்டில் வாய் பிளந்திருந்தது. உள்ளே வைத்த க்ரீம் சீஸ் தட்டெல்லாம் வழிந்து ஓரத்தில் கருகியிருந்தது. வளையத்தின் நடுவே இருக்க வேண்டிய ஓட்டையைக் காணவே காணோம். மூன்றும் மூன்று தனித்தனித் தவறுகள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பல வருடம் சுட்ட பிறகுதான் புரிந்தது, எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. பெயரில் கேக் என்று இருந்தாலும் இது முட்டையும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, ஈஸ்ட்டால் உப்பவைக்கிற ரொட்டி. கேக்குக்கான அவசரத்தோடு இதைத் தொட்டால் எங்காவது ஓரிடத்தில் கெட்டுவிடும்.

இங்குள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜனவரி 6-ஆம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, கார்னிவல் என்ற கொண்டாட்டக் காலம் பிறக்கிறது. சாம்பல் புதனுக்கு முந்தைய நாளான மார்டி கிராவோடு முடிகிறது. மார்டி கிரா என்றால் பிரெஞ்சில் ‘கொழுத்த செவ்வாய்’. மறுநாள் தவக்காலம் தொடங்கிவிடும். இந்த இடைப்பட்ட வாரங்களில்தான் கிங் கேக். ஜனவரி 6-க்கு முன்னால் தின்றால் மார்டி கிரா அன்று மழை கொட்டும் என்று இங்கே சொல்வார்கள், அதனால் ஊர்க்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு இதைத் தொடமாட்டார்கள். ஈஸ்டரைப் பொறுத்து நாள் நகரும்: 2026-இல் மார்டி கிரா பிப்ரவரி 17, 2027-இல் பிப்ரவரி 9. அந்த வருடம் சீசனே ஐந்து வாரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால், விருந்துக்குச் சுட நினைப்பவர்கள் முதல் வாரத்திலேயே ஒருமுறை சுட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த வளையத்தின் பூர்வீகம் பிரான்ஸ். வடக்கே பாதாம் பூரணம் வைத்த அடுக்கடுக்கான பேஸ்ட்ரி, தெற்கே வளையமாகச் சுட்ட பிரியோஷ் என்ற வெண்ணெய் ரொட்டி. நியூ ஆர்லியன்ஸில் பரவியது வளையம்தான். முன்பெல்லாம் அதில் பூரணம் கிடையாது. பூரணம் பின்னால் வந்த பழக்கம், தொல்லையும் அதோடு சேர்ந்தே வந்தது. ரொட்டி உலர்ந்த சூட்டை விரும்பும். பூரணமோ ஈரம். இந்த இரண்டையும் ஒரே அவனில் சமாதானமாக இருக்க வைப்பதுதான் நம் வேலை.

மாவு ஒட்டுகிறதே என்று மேலும் மாவு கொட்டுவது

இதைவிடப் பரவலான தவறு வேறில்லை. என் அளவு இது: 500 கிராம் மாவு, 180 மில்லி பால், 2 முட்டை, 75 கிராம் சர்க்கரை, 110 கிராம் வெண்ணெய், 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 9 கிராம் உப்பு. கொஞ்சம் ஜாதிக்காய், ஓர் எலுமிச்சையின் தோல் துருவல். சேர்த்ததும் இது சப்பாத்தி மாவு மாதிரி இருக்காது, கையோடு வரும். நம் கை சப்பாத்திக்குப் பழகிய கை, உடனே உலர்மாவைத் தேடும். அப்படி அள்ளிப்போட்ட ஒவ்வொரு பிடியும் மறுநாள் வறட்சியாகத் தெரியும்.

வெண்ணெயை முதலிலேயே போடுவது அடுத்த தவறு. கொழுப்பு மாவைச் சுற்றிக்கொண்டால் பசைத்தன்மை உருவாவது தாமதமாகும். வெண்ணெய் இல்லாமல் ஐந்தாறு நிமிடம் பிசைந்து, மாவு ஒன்றுசேர்ந்த பிறகு, மிருதுவான வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். ஒரு துண்டு மறைந்த பிறகு அடுத்தது. நடுவில் எல்லாம் பிரிந்து கூழானதுபோல் பயமுறுத்தும். விடாமல் பிசைந்தால் மறுபடி கூடிவரும். இரண்டு விரலால் இழுத்துப் பார்க்கும்போது கிழியாமல், வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிய ஜவ்வாக விரிந்தால் போதும். மிக்ஸரில் மொத்தம் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம், கையால் என்றால் இருபது நிமிடத்துக்குக் குறையாது.

மாவை கப்பில் அள்ளாமல் நிறுத்து எடுங்கள். ஒரே கப்பில் ஒருவர் 120 கிராம் அள்ளுவார், அமுக்கி அள்ளுபவர் 150 கிராம் அள்ளுவார். நான்கு கப்பில் அந்த வித்தியாசம் நூறு கிராமைத் தாண்டிவிடும். பிரெட் மாவு (bread flour) கிடைத்தால் அதையே வாங்குங்கள். மைதாவிலும் வரும், ஆனால் பாலை 20 மில்லி குறைத்துத் தொடங்கி, தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாலின் சூடு மணிக்கட்டில் விட்டால் இளஞ்சூடாகத் தெரிய வேண்டும். கொதிக்கிற பாலில் ஈஸ்ட் செத்துவிடும், 60 டிகிரி செல்சியஸ் அதற்கு எமன். செத்த ஈஸ்ட்டை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தாலும் மாவு அசையாது.

கடிகாரத்தைப் பார்த்து உப்பவைப்பது

சர்க்கரை மாவிலுள்ள ஈரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் ஈஸ்ட்டுக்குத் தண்ணீர் கொஞ்சம்தான் மிஞ்சும். அதனால் இனிப்பு மாவு சாதா ரொட்டியைவிட மெதுவாகவே எழும். குறிப்பில் ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தாலும், பிப்ரவரியில் குளிர்ந்து கிடக்கிற சமையலறையில் இரண்டரை மணி நேரம்கூட ஆகும். இரண்டு மடங்கானதா என்று பார்ப்பது ஒன்றே கணக்கு. அதைச் சீக்கிரப்படுத்தச் சூடான அவனுக்குள் வைக்காதீர்கள். 32 டிகிரியைத் தாண்டினால் வெண்ணெய் உருகி மாவிலிருந்து கசியத் தொடங்கும், அப்புறம் ரொட்டி எண்ணெய் பிசுக்காகும்.

நான் இப்போதெல்லாம் முதல் நாள் மாலையே பிசைந்து, அரைமணி வெளியே வைத்துவிட்டு, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். மணம் கூடுகிறது என்பது ஒரு பக்கம். அதைவிட, வெண்ணெய் இறுகிய குளிர்ந்த மாவு உருட்டுக்கட்டைக்கு அடங்கித் தேய்கிறது. பூரணம் வைத்து மடிக்கும்போது கிழிவதில்லை. வெக்கையான ஊரில் இருப்பவர்களுக்கு வேறு வழியே சொல்லமாட்டேன்.

பூரணம்: கேக் பிளப்பதும் வழிவதும் இங்கேதான்

டப்பாவில் விற்கும், ரொட்டியில் தடவுகிற க்ரீம் சீஸை வாங்கிவிடுவது முதல் பிழை. எளிதாகப் பூசவரும்படி செய்தது அது. கட்டியாக, செங்கல் வடிவில் விற்கிறதே, அதை வாங்குங்கள். மேலே சொன்ன மாவுக்கு 225 கிராம் போதும். 60 கிராம் சர்க்கரை, ஒரு மஞ்சள் கரு, ஒரு மேசைக்கரண்டி சோளமாவு (வெள்ளை கார்ன்ஃப்ளோர்), கொஞ்சம் வெனிலா. சோளமாவை விடாதீர்கள், சூட்டில் விடுபடும் நீரைப் பிடித்துவைப்பது அதுதான். சீஸ் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு கலக்க வேண்டும், இல்லையென்றால் கட்டி தட்டும். கட்டியைக் கரைக்கிறேன் என்று மெஷினில் நெடுநேரம் அடித்தால் தோசைமாவாக இளகிவிடும். கலந்ததும் அரைமணி ஃபிரிட்ஜில் வைத்து, கெட்டியான பிறகு பூசுங்கள்.

பழம் வைக்க ஆசைப்படுபவர்கள் கவனியுங்கள். பச்சை ஸ்ட்ராபெரியை நறுக்கி உள்ளே வைத்தால் அது சூட்டில் தன் சாற்றையெல்லாம் விட்டுவிடும். சுற்றியிருக்கும் மாவு வேகாமல் களியாகவே நிற்கும். அடுப்பில் சர்க்கரையோடு வதக்கி, சோளமாவு கரைத்து ஊற்றி, கரண்டியில் நிற்கிற பதத்துக்குக் கொண்டுவந்து, முழுக்க ஆறவைத்த பிறகே அது பூரணம்.

பட்டைப்பொடியும் பிரவுன் சர்க்கரையும் தூவுகிற பழைய முறையிலும் ஒரு கண்ணி உண்டு. சர்க்கரை ஈரத்தை இழுத்துப் பாகாகி அடியில் ஒழுகும். வெந்த கேக்கை அறுத்தால் பூரணத்துக்கும் ரொட்டிக்கும் நடுவே குகை மாதிரி வெற்றிடம் இருக்கும். சர்க்கரையோடு இரண்டு மேசைக்கரண்டி மைதா கலந்து தூவினால் பாகு கெட்டிப்படும். வால்நட் மாதிரியான பீக்கன் பருப்பு சேர்ப்பதாக இருந்தால் வறுத்து ஆறவைத்துச் சேருங்கள்.

எல்லாவற்றையும்விட, பேராசை கூடாது. பூரணம் அரை சென்டிமீட்டர் கனம் தாண்டினால் எப்படி ஒட்டினாலும் வழியும். எனக்கு இதை எடுத்துச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. ஐம்பது வருடமாக இந்த ஊரில் ஒவ்வொரு ஜனவரியும் கிங் கேக் சுடுகிறவர். “ரொட்டி தின்னும்போது பூரணம் வரணும், பூரணம் தின்னும்போது ரொட்டி வரக்கூடாது” என்பார். அந்த அளவை நான் இன்றுவரை மீறியதில்லை.

ஒட்டுவது, வளைப்பது

மாவை சுமார் 60 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தேய்த்து, நீளவாக்கில் ஒரு ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெறுமையாக விட்டுப் பூரணம் பூச வேண்டும். அந்த வெற்று ஓரத்தில் துளி வெண்ணெய்கூடப் படக்கூடாது, பட்டால் ஒட்டாது. சோமாசு ஓரம் மடிக்கும்போது தண்ணீர் தொட்டு அழுத்துவோமே, அதே போலத் தண்ணீர் தொட்டு, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, அங்குலம் அங்குலமாகக் கிள்ளி மூடுங்கள். இரண்டு முனைகளையும் சேர்க்கும்போது ஒரு முனையை விரித்து மற்றதை அதற்குள் செருகிக் கிள்ளுங்கள். சும்மா தொட்டுவைத்தால் அவனில் நிச்சயம் பிரியும். கிள்ளிய ஒட்டு எப்போதும் தட்டின் அடிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். என் முதல் கேக் வாய் பிளந்ததற்கு இதுவே காரணம். ஒட்டு பக்கவாட்டில் இருந்தது.

கடையில் பார்க்கிற மூன்று பிரிப் பின்னல் அழகுதான். ஆனால் பூரணத்தோடு பின்னுவதென்றால் மூன்று பிரிக்கும் தனித்தனியாக நிரப்பி மூட வேண்டும், ஒட்டும் மூன்று மடங்கு. முதல் தடவை அதற்குப் போகாதீர்கள். ஒற்றைச் சுருள் போதும்.

ஓட்டை மறைந்துபோகாமல் இருக்க, வளையத்தைத் தேவைக்கு அதிகமாகவே அகலமாக வையுங்கள். நடுவே வெளிப்புறம் வெண்ணெய் தடவிய எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துவைத்துச் சுடலாம். மாவு இரண்டாவது முறை உப்பும்போதும் அவனிலும் உள்நோக்கித்தான் வளரும்.

இந்த இரண்டாவது உப்பலைக் கண்டிப்பாக அளந்து விடுங்கள். விரலால் மெல்ல அமுக்கினால் குழி மெதுவாக, பாதி மட்டும் எழும்ப வேண்டும். துள்ளி எழுந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, அவனில் போனதும் சீறி ஒட்டைப் பிளக்கும். எழும்பவே இல்லையென்றால் நேரம் கடந்துவிட்டது, அவனில் சப்பையாகும்.

நிறம் வந்தது என்று வெளியே எடுப்பது

175 டிகிரியில் முப்பது நிமிடம் என்பது உத்தேசம். முட்டையும் சர்க்கரையும் இருப்பதால் இருபதாவது நிமிடமே மேல்புறம் பொன்னிறமாகிவிடும், உள்ளே மாவு பச்சையாகவே இருக்கும். அப்போது அலுமினிய ஃபாயிலை லேசாகக் கவிழ்த்துவிட்டுத் தொடருங்கள். கேக்குக்குச் செய்வதுபோல் குச்சி குத்திப் பார்ப்பது இங்கே பயன்படாது, பூரணத்தில் குத்தினால் எப்போதும் ஈரமாகத்தான் வரும். சமையல் வெப்பமானியைப் பூரணம் படாத ரொட்டிப் பகுதியில் குத்தி, 88 டிகிரியைத் தாண்டினால் வெந்துவிட்டது. வெப்பமானி இல்லையென்றால் ஓரத்தைத் தோசைத் திருப்பியால் லேசாகத் தூக்கி அடியைப் பாருங்கள். வெளுப்பு இல்லாமல் ஒரே சீராகச் சிவந்திருக்க வேண்டும்.

சர்க்கரையும் குழந்தையும்

ஊதா, பச்சை, பொன் என்ற மூன்று நிறங்களும் நியூ ஆர்லியன்ஸின் ரெக்ஸ் என்ற கார்னிவல் சங்கத்தோடு வந்தவை. சங்கம் தொடங்கியது 1872-இல். ஊதா நீதிக்கு, பச்சை நம்பிக்கைக்கு, பொன் அதிகாரத்துக்கு என்று பொருள் சொன்னது 1892 ஊர்வலத்தில். நிறம் சேர்க்க நீர்போன்ற சாயத்தை ஊற்றினால் சர்க்கரை கரைந்து கட்டியாகும். ஜெல் சாயத்தில் ஒரு துளி எடுத்து, சர்க்கரையோடு பையில் போட்டுக் கசக்கினால் சீராகப் பிடிக்கும். சிவப்பையும் நீலத்தையும் கலந்து ஊதா செய்யப்போனால் பெரும்பாலும் அழுக்குச் சாம்பல் நிறம்தான் கிடைக்கும். ஊதாவாகவே வாங்குங்கள். மூன்றையும் கலக்காமல் பட்டை பட்டையாகத் தூவ வேண்டும், ஊதாவும் மஞ்சளும் கலந்தால் பழுப்பாகிவிடும்.

கேக் முழுக்க ஆறாமல் ஐசிங் ஊற்றாதீர்கள், உருகித் தட்டில் குளமாக நிற்கும். ஆறிய பின் 200 கிராம் பொடிச் சர்க்கரையில் இரண்டு, மூன்று மேசைக்கரண்டி பால் கலந்து ஊற்றி, அது காய்வதற்குள் நிறச் சர்க்கரையைத் தூவிவிடுங்கள். காய்ந்த ஐசிங்கில் ஒரு பருக்கைகூடத் தங்காது.

இனி, உள்ளே ஒளித்துவைக்கிற குட்டிக் குழந்தை பொம்மை. அது கிடைத்தவர் அடுத்த கேக்கை வாங்க வேண்டும், அல்லது அடுத்த விருந்தை வைக்க வேண்டும். 1870-இல் இந்த ஊரின் ஒரு கார்னிவல் குழு கேக்குக்குள் அவரை விதை வைத்தே ராணியைத் தேர்ந்தெடுக்க முயன்றது. பிளாஸ்டிக் குழந்தை பரவியது 1950-களில், ஒரு பேக்கரி வழியாக. அந்தப் பிளாஸ்டிக்கை மாவுக்குள் வைத்துச் சுட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது உருகும், நாறும், உணவில் கலக்கும். ஆறிய கேக்கை மெல்லத் தூக்கி, அடிப்பக்கம் கத்தியால் சின்னதாகக் கீறிச் செருக வேண்டும். பல கடைகள் இப்போது தொண்டையில் சிக்குமோ என்ற பயத்தில் குழந்தையைத் தனியாகவே கொடுத்துவிடுகின்றன. சின்னப் பிள்ளைகள் வருகிற வீடென்றால் நான் பொம்மையே வைப்பதில்லை. எதை வைத்தாலும் வெட்டுவதற்கு முன்பு எல்லோருக்கும் உரக்கச் சொல்லிவிடுங்கள்.

க்ரீம் சீஸ் வைத்த கேக் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருக்கக்கூடாது. மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஒரு துண்டைப் பதினைந்து விநாடி மைக்ரோவேவில் காட்டினால் வெண்ணெய் இளகி ரொட்டி மறுபடி மிருதுவாகும். எங்கள் வீட்டில் அந்த மறுநாள் காலைத் துண்டுக்குத்தான் போட்டி, சிக்கரி கலந்த காப்பியோடு.