தண்ணீர் நன்றாக வந்தும் எஞ்சின் சுட்டது

உவரியில் எங்கள் ஃபைபர் வள்ளத்தின் அவுட்போர்டு எஞ்சின் (வள்ளத்தின் பின்னால் வெளியே மாட்டுவது), கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் சூடேறி இழுவை குறைந்துவிடும். எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் அதன் பக்கவாட்டுத் துளையில் நன்றாகவே பீய்ச்சியது. மணல் அடைத்திருக்கும் என்று தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைச் சுத்தம் செய்தோம். அப்புறம் பம்பில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரை மாற்றினோம். தொழில் கெட்டதுதான் மிச்சம்.

துப்பு அந்தத் தண்ணீரிலேயே இருந்தது: அளவு சரி, ஆனால் கை வைக்க முடியாத சூடு. அந்தத் துளை பம்பு ஓடுவதைத்தான் காட்டும். எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ஓடவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்ததா என்பதைக் காட்டாது. கழற்றினால் உப்புப் பூத்து இறுகிக் கிடந்தது. கொதிக்கிற வெந்நீரில் போட்டும் வாய் திறக்கவில்லை. புதிது போட்டதும் சூடு அடங்கியது. இப்போதெல்லாம் கரையேறியதும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறேன்.