கழுத்தெலும்பு தொண்டையை நெருக்கும்போது

கழுத்து முள்ளெலும்புகளின் முன்விளிம்பில் வயதோடு வளரும் எலும்பு முனைகள், நேர்முன்னே இறங்கும் உணவுக்குழாயை அழுத்தினால், தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பது போன்ற உணர்வும் விழுங்குவதில் சிரமமும் ஏற்படலாம். ஆனால், கழுத்துத்தேய்வு உள்ளவரின் தொண்டைக் கோளாறுகள் எல்லாம் அதனால்தான் என்று தாமாக முடிவுகட்டக் கூடாது. காது மூக்குத் தொண்டை வைத்தியர் கருவி செலுத்திப் பார்த்து, எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியக் கரைசலை விழுங்கச் செய்து எடுக்கும் படத்தையும் ஆராய்ந்து, ஏனைய காரணங்களை விலக்க வேண்டும்.

செம்பை உயர்த்தி அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கத்தை முதலில் விட வேண்டும், ஏனெனில் தலை பின்னே சாயும்போது எலும்பு முனை தொண்டையை மேலும் நெருக்கும். நிமிர்ந்திருந்து, நாடியைச் சற்றே நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்குவது பலருக்கு இலகுவாக இருக்கும். உதிரிப் புட்டைச் சொதியில் நன்றாக ஊறவிட்டுச் சிறுகச் சிறுக உண்ணலாம். ஒடியற்கூழையும் கைவிடத் தேவையில்லை, நண்டின் ஓடும் மீன்முள்ளும் வராமல் வடித்தால் போதும். பெரிய குளிசைகளை மருந்தாளரிடம் கேட்ட பின்பே உடைக்க வேண்டும். சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கெடுப்பது வேண்டவே வேண்டாம்.

உடல் மெலிவு, உமிழ்நீரில் இரத்தம், நீங்காத குரற்கம்மல், கைகால் விறைப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் தாமதியாமல் வைத்தியரை நாட வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.