பான்ஃபில் ஒரு சீசன் வேலை: முதலில் கட்டிலைப் பிடியுங்கள்

எங்கள் அப்பா கொடைக்கானல் ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர். ஏப்ரல், மே மாதங்களில் வீட்டில் யாருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்காது. ஜூலை மழையில் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவோம். சீசன் ஊர் எப்படி இருக்கும் என்று தெரியும், குளிரும் பழக்கம்தான் என்ற தைரியத்தில் 2023 நவம்பரில் கனடாவின் பான்ஃப் ஊருக்குப் போய் இறங்கினேன். பனிச்சறுக்குச் சாமான்களை வாடகைக்கு விடும் கடையில் வேலை. சீசனைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது எல்லாம் அங்கேயும் சரியாக இருந்தது. குளிரைப் பற்றித் தெரிந்திருந்தது ஒன்றுக்கும் உதவவில்லை.

அடுத்த குளிர்காலத்துக்கு அங்கே போகலாமா என்று இதுவரை நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் காகித வேலை, இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அங்கே வேலை செய்யும் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ், ஜப்பானியப் பிள்ளைகள் பெரும்பாலும் இளைஞர்களுக்கான வேலை-விடுமுறை விசாவில் வருகிறார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கனடாவோடு அப்படி ஒப்பந்தம் கிடையாது. நம் ஆட்கள் என்றால் என்னைப் போலக் கனடாவில் படித்து முடித்து வேலை அனுமதி வாங்கியவர்களாக இருப்பார்கள், இல்லாவிட்டால் டொராண்டோ பக்கம் வளர்ந்த பிள்ளைகளாக இருப்பார்கள். 'பனிமலை ஓட்டலில் வேலை, விசா நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று பணம் கேட்கும் ஏஜெண்டுகள் பக்கமே போகாதீர்கள். வேலை தேடித் தருவதற்கு வேலையாளிடம் கட்டணம் வாங்குவதே பான்ஃப் இருக்கும் அல்பெர்ட்டா மாகாணத்தில் சட்டவிரோதம்.

இப்போது கட்டில் விஷயம். பான்ஃப் ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஊர். நிலம் முழுக்க அரசாங்கத்துடையது, மற்றவர்களுக்குக் குத்தகைதான். அங்கே வேலையோ தொழிலோ இருப்பவர்களும் அவர்கள் குடும்பத்தாரும்தான் ஏறக்குறைய குடியிருக்க முடியும். பணம் இருக்கிறது, மலை அழகாக இருக்கிறது என்று வீடு பிடித்து உட்கார முடியாது. எட்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர், வீடு கட்ட இடமில்லை, சீசனில் வேலைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறது. அறை எப்படிக் கிடைக்கும்? அதனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே தங்குமிடம் தருவார்களா என்று கேளுங்கள். ஒரு டாலர் கூடுதல் சம்பளம், தங்குமிடம் கிடையாது என்று ஓர் இடம். சம்பளம் குறைவு, கட்டில் உண்டு என்று இன்னோர் இடம். இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.

அந்தக் கட்டிலை அங்கே 'ஸ்டாஃப் அக்காம்' என்பார்கள். ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை: அறைக்கு எத்தனை பேர், வாடகையைச் சம்பளத்தில் எப்படிப் பிடிப்பார்கள், முன்பணம் எவ்வளவு, அடுப்பு இருக்கிறதா அல்லது மைக்ரோவேவ் மட்டும்தானா. எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, வேலையை விட்டால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்பது. எனக்கு நாளுக்கு 14 டாலர் பிடித்தார்கள், அறைக்கு இரண்டு பேர். பக்கத்து அறைப் பையன் டிசம்பர் நடுவில் மேலாளரோடு சண்டை போட்டு வேலையை விட்டான். இரண்டு நாளில் படுக்கையும் போனது. கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் பான்ஃபில் படுக்கை தேடுவதும் மே மாதம் கொடைக்கானலில் ரூம் தேடுவதும் ஒன்றுதான். அவன் பக்கத்துப் பெருநகரமான கால்கரிக்கே பஸ் ஏறிவிட்டான்.

ஆள் எடுப்பதை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடுவார்கள். பான்ஃபைச் சுற்றி மூன்று சறுக்கு மலைகள். ஊரை ஒட்டி நார்கே, கொஞ்சம் தள்ளி சன்ஷைன், 60 கிலோமீட்டர் தொலைவில் லேக் லூயிஸ். மலையில் வேலை என்றால் சீசன் முழுக்கச் சறுக்குவதற்கான பாஸ் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். ஊருக்குள் இருக்கும் ஓட்டல்கள் எல்லாம் தருவதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். லேக் லூயிஸ் மலை பிரமாதம்தான், ஆனால் அங்கே ஊர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. நாலு பேர் முகம் பார்க்காவிட்டால் வாடிப்போகிற ஆள் என்றால் பான்ஃபிலேயே இருங்கள். நான் அப்படிப்பட்ட ஆள்.

இரண்டு மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு போங்கள். மலைகள் நவம்பரில் திறந்தாலும் கூட்டம் கிறிஸ்துமஸுக்குத்தான் வரும். அதுவரை வாரத்துக்கு 20 மணி நேர வேலை கிடைத்தாலே பெரிய விஷயம். நான் அங்கே போயிருந்த வருடம் பனியும் தாமதம், நவம்பர் மாதம் முழுக்கக் கடையில் பூட்ஸ்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கினேன். டிசம்பர் 20-க்கு மேல் மூச்சு விட நேரமில்லை. ஜனவரி நடுவில் மறுபடி ஓய்வு, பிப்ரவரி விடுமுறைகளில் மறுபடி நெருக்கம். அல்பெர்ட்டாவின் குறைந்தபட்சக் கூலி 2018-லிருந்து மணிக்கு 15 டாலர். ஒரு நாளில் 8 மணி நேரத்தைத் தாண்டினாலோ வாரத்தில் 44 மணி நேரத்தைத் தாண்டினாலோ ஒன்றரை மடங்கு தர வேண்டும். நேரத்தை நீங்களும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். எனக்கு ஒருமுறை ஆறு மணி நேரம் விட்டுப்போயிருந்தது. நோட்டைக் காட்டினேன், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்கள்.

சரி, குளிர். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர், பான்ஃப் 1,383 மீட்டர்தான். உயரத்தில் நாம்தான் பெரிய ஆள். ஆனால் நம் ஊர்க் குளிர் ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்டால் அடங்கிவிடும். மைனஸ் முப்பதில் வெளியே வந்து முதல் மூச்சை இழுத்ததும் மூக்குக்குள் இருக்கும் முடி உறைந்து ஒட்டிக்கொள்ளும், உள்ளே யாரோ மெல்லக் கிள்ளுவது போல இருக்கும். கண் இமைகளில் வெள்ளை படியும். கைபேசி பாதி சார்ஜில் செத்துப்போகும். அதைச் சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள்.

துணியில் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு பருத்தி. உள் பனியன், காலுறை எதுவும் பருத்தியில் வேண்டாம். வியர்வையைக் குடித்துவைத்துக்கொண்டு பிறகு உடம்பையே குளிர வைக்கும். மெரினோ கம்பளியில் ஒன்று, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் ஜாக்கெட். விரல் பிரிந்த கையுறையைவிட விரல் சேர்ந்த மிட்டன் சூடு. கால்கரியில் பழைய சாமான் கடைகளில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும், பான்ஃபில் இறங்கிய பிறகு வாங்கினால் சுற்றுலா விலை. உதட்டுக்கு வாஸ்லின், முகத்துக்கு வெயில் களிம்பு இரண்டும் வேண்டும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் நம் தோலையும் விடாது. மார்ச் மாதம் என் முகத்தில் கண்ணாடி போட்ட இடம் மட்டும் பழைய நிறத்தில் இருந்தது.

இரண்டாவது தவறு, பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ். இதைக் கடையில் தினமும் பார்ப்பேன். சறுக்கு பூட்ஸுக்குள் மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்றுதான், முழங்கால் வரை. இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் இறுகி விரல் இன்னும் சில்லிடும். அளவைப் பாதத்தின் நீளத்தில் சென்டிமீட்டர் கணக்கில் சொல்வார்கள், எனக்கு 26.5. நேராக நிற்கும்போது கட்டைவிரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விலக வேண்டும். 'சௌகரியமாக இருக்கிறது' என்று யாராவது சொன்னாலே ஒரு அளவு குறைத்துக் கொடுப்பேன். முதல் சீசனில் சறுக்குப் பலகையை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்குங்கள்.

பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கும் கொக்கிக்கு ஒரு எண் உண்டு. எடை, உயரம், வயது, எப்படிச் சறுக்குவீர்கள், பூட்ஸின் அடி நீளம் எத்தனை மில்லிமீட்டர் என எல்லாவற்றையும் அட்டவணையில் பார்த்துத்தான் அந்த எண்ணை வைப்போம். அதிகமாக வைத்தால் விழும்போது பலகை கழலாது, முழங்கால் தசைநார் போய்விடும். குறைவாக வைத்தால் வேகத்தில் தானாகக் கழன்றுவிடும். ஆனால் படிவத்தில் எடையைக் குறைத்தும் திறமையைக் கூட்டியும் எழுதாத ஆளே கிடையாது. அப்பாவிடம் போனில் இதைச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "அடையாளத்துக்கு என்ன வாங்கி வைக்கிறீங்க?" கிரெடிட் கார்டு என்றேன். "லைசென்ஸையும் வாங்கி வை" என்றார்.

சறுக்கக் கற்றுக்கொள்ள வேலையாட்களுக்குச் சலுகை விலையில் வகுப்பு இருக்கும், கூச்சப்படாமல் சேருங்கள். நண்பன் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கூப்பிட்டால் போகாதீர்கள், நேரே மேலே கூட்டிப்போய் விட்டுவிடுவான். என்னோடு வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள். மூன்றாம் நாள் நிற்கக் கற்றுக்கொண்டேன். பிப்ரவரியில் சன்ஷைனில் மலைமேல் ஏற்றிப்போகும் லிஃப்டில் ஏறி, வழியில் மாகாண எல்லையைத் தாண்டி பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் போய் அல்பெர்ட்டாவுக்குச் சறுக்கி வந்தேன். வேலையில் அடிபட்டால் அன்றைக்கே மேலாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள், தொழிலாளர் இழப்பீட்டுக்கு அது வேண்டும். விடுமுறை நாளில் சறுக்கி விழுந்தால் அந்த இழப்பீடு வராது. மாகாண மருத்துவ அட்டைக்கு அல்பெர்ட்டாவில் 12 மாதம் தங்கும் எண்ணம் வேண்டும், ஒரே சீசனுக்கு வருகிறவர்கள் தனியாகக் காப்பீடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

சாப்பாடு. குக்கர் கொண்டுபோங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தால் பொழுது விடிந்துவிடும். என் அறைத் தோழன் ஆஸ்திரேலியன். முதல் விசிலுக்கு அறையை விட்டு ஓடினான், மூன்றாவது வாரம் "இன்னும் ஒரு விசில் பாக்கி" என்று அவனே எண்ண ஆரம்பித்துவிட்டான். பெரிய சிக்கல் தாளிப்புதான். கடுகு வெடித்து மிளகாய் கிள்ளிப் போட்ட மறு நொடி புகை அலாரம் அலறும். டிசம்பரில் ஒரு ராத்திரி ரசத்துக்குத் தாளித்து மூன்று மாடியையும் வெளியே நிறுத்தினேன், மைனஸ் பதினெட்டில், பாதிப் பேர் செருப்போடு. அதற்குப் பிறகு விடுமுறை நாளில் ஜன்னலைத் திறந்துவைத்து, சின்ன வாணலியில் மூடி போட்டு, ஒரு வாரத்துக்கான தாளிப்பை மொத்தமாகச் செய்து பாட்டிலில் அடைத்துக்கொண்டேன். பெருங்காயமும் புளியும் கால்கரியிலேயே வாங்கிவிடுங்கள். கான்மோர் ஊருக்குப் பஸ் இருக்கிறது, மாதம் ஒருமுறை அங்கே போனால் மளிகைக்குக் கொஞ்சம் மிச்சம்.

ஊருக்குள் நடக்கும்போது எல்க் மான்களைக் கவனியுங்கள். மான் என்றதும் கிண்டி நினைவுக்கு வரும், அந்த நினைப்பே வேண்டாம். குதிரை அளவு இருக்கும், மிதித்தால் எலும்பு மிஞ்சாது. 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி, அதாவது மூன்று பஸ் நீளம். 'வழியில் எல்க் நிற்கிறது, பத்து நிமிடம் தாமதமாகும்' என்று கடைக்குப் போன் செய்தால் அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். சூரியனைப் பார்க்காமல் நாலு நாள் போனால் மனசு கனத்துவிடும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. பகலில் அரை மணி நேரம் எப்படியாவது வெளியே நடந்தேன், ராத்திரி 'பேர்' (Bear) என்ற தெருவில் இருக்கும் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். குடிக்கக் கூப்பிடும் ஆட்கள் தினமும் இருப்பார்கள், சம்பளம் போகும் வழி அதுதான்.

2024 ஜனவரி 13, சனிக்கிழமை மாலை, எல்லார் கைபேசியும் ஒரே நேரத்தில் அலறின. மாகாணம் முழுக்க மின்சாரம் பற்றவில்லை, தேவையில்லாத விளக்குகளை அணையுங்கள் என்று அவசரச் செய்தி. இருட்டில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தோம். திங்கட்கிழமை பொங்கல். குக்கரில் வைத்தேன், பொங்கி வழியவில்லை, ஐந்து விசில் வந்தது. அந்த மாடியில் இருந்த ஒன்பது பேரும் ஒவ்வொரு விசிலுக்கும் "பொங்கலோ பொங்கல்" என்றார்கள்.

கிளம்பும்போது ஒன்றை மறக்காதீர்கள். பான்ஃபில் வீட்டு வாசலுக்குத் தபால் வராது, பஃபலோ தெரு அஞ்சலகத்தில் பெட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். வருமான வரிக்கான டி4 படிவம் அடுத்த வருடம் பிப்ரவரியில்தான் வரும், அதற்குள் நீங்கள் எங்கேயோ இருப்பீர்கள். புது முகவரியைச் சம்பளப் பிரிவில் எழுதிக் கொடுங்கள், அறையைப் படம் எடுத்துவைத்து முன்பணத்தைக் கேட்டு வாங்குங்கள். நான் குக்கரை அறைத் தோழனிடம் விட்டுவிட்டு வந்தேன். கேஸ்கட் எங்கே கிடைக்கும் என்று போன வாரம் கேட்டிருந்தான்.